சாலிட்வொர்க்ஸில் ஃபீச்சர் ட்ரீயை ஒழுங்காக அமைப்பது எப்படி? ஒரு பேரிங் பிராக்கெட்டை வைத்து ஒரு செய்முறை

சாலிட்வொர்க்ஸ் ஒரு முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். அதில் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு ஃபீச்சர், அவை வரிசையாக நிற்கும் பட்டியல்தான் ஃபீச்சர் ட்ரீ. புதிதாக மாடலிங் கற்பவர்களின் ஃபைலைத் திறந்தால் பாஸ்-எக்ஸ்ட்ரூட்1, கட்-எக்ஸ்ட்ரூட்4, ஃபில்லட்7 என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். "அப்புறம் ஃபோல்டர் போட்டு ஒழுங்குபடுத்திக்கலாம்" என்பார்கள். ஆனால் ஃபோல்டர் கண்ணுக்குத்தான் அழகு. எந்த ஃபீச்சர் எதைப் பிடித்து நிற்கிறது என்பதில்தான் ஒழுங்கு இருக்கிறது. அது சரியில்லாவிட்டால், ஒரு அளவை மாற்றியதும் ட்ரீ முழுக்கச் சிவப்பாகிவிடும்.

6202 பேரிங்கைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பேரிங்கின் வெளிவிட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. அடித்தட்டு 120 × 50 × 12. பேரிங் மையம் அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில். பேரிங்கைச் சுற்றியுள்ள பாஸ் (தடித்த வட்டப் பகுதி) 55 விட்டம், 16 தடிமன். நான்கு எம்8 போல்ட் துளைகள்.

படி 1: மாறக்கூடிய அளவுகளை முதலில் எழுதுங்கள்

டூல்ஸ் மெனுவில் ஈக்குவேஷன்ஸைத் திறந்து மைய உயரம் (50), தட்டு நீளம் (120), தட்டு அகலம் (50) ஆகியவற்றைக் குளோபல் வேரியபிள்களாக (மாடல் முழுக்கப் பயன்படும் பெயரிட்ட அளவுகளாக) கொடுங்கள். துளைகளின் இடைவெளியைத் தனி எண்ணாகத் தராமல், நீளம் − 20, அகலம் − 20 என்று எழுதுங்கள். அப்போது தட்டு எவ்வளவு நீண்டாலும் துளை மையம் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளேயே இருக்கும். பிறகு ஸ்கெட்சில் அளவு கொடுக்கும்போது, பெட்டியில் "=" அடித்தால் இந்தப் பெயர்கள் வரும்.

படி 2: எலும்புக்கூடு ஸ்கெட்ச்

திடப்பொருள் எதுவும் உருவாக்குவதற்கு முன் இரண்டு ஸ்கெட்ச் போதும். ஃபிரண்ட் பிளேனில், ஆரிஜினை நடுவாகக் கொண்டு 120 நீளக் கோடு ஒன்று, அதற்கு மேலே 50 உயரத்தில் ஒரு புள்ளி. டாப் பிளேனில், ஆரிஜினை மையமாக வைத்து 100 × 30 கன்ஸ்ட்ரக்ஷன் (வழிகாட்ட மட்டும், உருவமாகாத) செவ்வகம். இனி வரும் எல்லாமே இந்த இரண்டையும் மூன்று முதன்மை பிளேன்களையும் பிடித்துத்தான் நிற்க வேண்டும். முழுச் செய்முறையிலும் முக்கியமான விதி இதுதான்.

படி 3: முதன்மை உடல்

டாப் பிளேனிலிருந்து அடித்தட்டை 12 மி.மீ. எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள் (ஸ்கெட்சை நீட்டித் திடப்பொருளாக்குங்கள்). அடுத்து ஃபிரண்ட் பிளேனில், 50 உயரப் புள்ளியை மையமாக வைத்து 55 விட்ட வட்டம். அதன் இரு பக்கமும் தொட்டபடி இறங்கும் செங்குத்துக் கோடுகள். தொடக்கக்காரர்கள் இந்தக் கோடுகளைத் தட்டின் மேல் விளிம்பில் ஒட்டவைப்பார்கள். வேண்டாம். ஆரிஜின் மட்டம் வரை, எலும்புக்கூட்டின் அடிக்கோட்டிலேயே கொண்டுவந்து மூடுங்கள். மிட் பிளேனில் (இரு பக்கமும் சமமாக) 16 மி.மீ. எக்ஸ்ட்ரூட் செய்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே உடலாகிவிடும். பின்னால் அடித்தட்டை சப்ரெஸ் செய்தாலும் (தற்காலிகமாக அணைத்தாலும்) பாஸ் உடையாது.

படி 4: துளைகளும் ரிப்பும்

பாஸின் முகத்தில் 35 விட்டம், 11 ஆழத்துக்கு ஒரு கட். அதே மையத்தில் 28 விட்டத்துக்கு ஊடுருவும் கட். பேரிங்கின் வெளி வளையம் மீதமுள்ள 5 மி.மீ. தோளில் உட்காரும். வட்ட மையத்தை எலும்புக்கூட்டுப் புள்ளியோடு இணையுங்கள், பாஸின் விளிம்போடு அல்ல. பெரிய தட்டையான முகத்தின் மேல் ஸ்கெட்ச் போடுவதில் ஆபத்து குறைவு. எட்ஜ், அதாவது விளிம்புதான் எளிதில் காணாமல் போகும்.

போல்ட் துளைக்கு வெறும் கட் வேண்டாம், தர அளவுத் துளைகளைப் போடும் ஹோல் விஸார்டு போதும். எம்8, நார்மல் ஃபிட் என்று கொடுத்தால் 9 மி.மீ. தானாக வரும், டிராயிங்கில் ஹோல் காலவுட்டும் (துளையின் அளவுக் குறிப்பும்) சரியாக விழும். நான்கு புள்ளிகளையும் 100 × 30 செவ்வகத்தின் மூலைகளில் வையுங்கள். 8 மி.மீ. ரிப்பை (வலுவூட்டும் விலாவை) ஒரு பக்கம் செய்து, ரைட் பிளேனில் மிரர் செய்யுங்கள்.

படி 5: ஃபில்லட், சாம்ஃபர் கடைசியில்

ரிச்சர்ட் கெப்ஹார்ட் வகுத்த ரெசிலியன்ட் மாடலிங் முறையில் ஃபீச்சர்கள் ஆறு குழுக்களாக வரும்: ரெஃப், கன்ஸ்ட்ரக்ஷன், கோர், டீடெயில், மாடிஃபை, குவாரண்டைன். ஃபில்லட்டும் (விளிம்பை உருட்டி மழுக்குவது) சாம்ஃபரும் (விளிம்பைச் சாய்வாக வெட்டுவது) கடைசிக் குழுவில். காரணம் நேரடியானது: ஃபில்லட் போட்டதும் பழைய எட்ஜ் மறைந்து புதிய எட்ஜ்கள் பிறக்கின்றன. அந்தப் புது எட்ஜைப் பிடித்து யாராவது அளவு கொடுத்திருந்தால், ஆரத்தை மாற்றும் நாளில் அது அந்தரத்தில் தொங்கும்.

பெரிய ஆரம் முதலில், சிறியது பிறகு. ஒரே ஃபில்லட் ஃபீச்சரில் இருபது எட்ஜைத் திணிக்காதீர்கள். ஒன்று தோற்றாலும் ஃபீச்சர் மொத்தமும் பிழை காட்டும், எந்த எட்ஜ் என்று தேடியே நேரம் போகும்.

பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். அங்கே டிராஃப்ட் (சுவரைச் சற்றே சாய்ப்பது), பிறகு வெளி ஃபில்லட், அதன் பிறகே ஷெல் (உள்ளே குடைந்து சுவர் மட்டும் விடுவது). 2 மி.மீ. சுவர், 5 மி.மீ. வெளி ஆரம் என்றால் உள்ளே 3 தானாக வரும். ஷெல்லுக்குப் பின் வெளியே மட்டும் 5 போட்டால், மூலையில் மிஞ்சுவது சுமார் 0.76 மி.மீ.

படி 6: பெயர், அதன் பிறகு ஃபோல்டர்

எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றுங்கள். பெயர் வேலையைச் சொல்லட்டும்: "பேரிங் இருக்கை", "போல்ட் துளைகள்". "துளை 35" என்று வைத்தால், நாளை பேரிங் மாறியதும் அந்தப் பெயரே பொய்யாகிவிடும். பிறகு அடுத்தடுத்து இருக்கும் ஃபீச்சர்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் ஆட் டு நியூ ஃபோல்டர். இடையில் வேறொன்று இருந்தால் ஒரே ஃபோல்டருக்குள் வராது. முதலில் இழுத்து வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். தாயைத் தாண்டிப் பிள்ளை மேலே ஏறாது. கர்சர் தடைக்குறி காட்டினால், ரைட் கிளிக்கில் பேரண்ட்/சைல்டு பார்த்தால் எது பிடித்திழுக்கிறது என்று தெரிந்துவிடும்.

படி 7: உடைத்துப் பாருங்கள்

மைய உயரத்தை 65 ஆக்குங்கள், தட்டு நீளத்தை 150 ஆக்குங்கள். கன்ட்ரோல்+கியூ அழுத்துங்கள். கன்ட்ரோல்+பி மாறியதை மட்டுமே மறுபடி கணக்கிடும், கியூ எல்லாவற்றையும். பிறகு கடைசி ஃபோல்டரை முழுவதுமாக சப்ரெஸ் செய்யுங்கள். அப்போது அந்த ஃபோல்டருக்கு வெளியே ஏதாவது சேர்ந்தே மங்கினால், அந்த ஃபீச்சர் ஃபில்லட்டைப் பிடித்து நிற்கிறது என்று அர்த்தம்.

பிழை வந்தால் அடியிலிருந்து சரிசெய்யத் தொடங்காதீர்கள். ட்ரீயின் அடியில் இருக்கும் ரோல்பேக் பார் என்ற கோட்டை மேலே இழுத்து, ஒவ்வொன்றாக இறக்கி, முதலில் உடையும் ஃபீச்சரைப் பிடியுங்கள். அதைச் சரிசெய்தால் கீழே இருக்கும் பாதிப் பிழைகள் தானாகவே போய்விடும். ஸ்கெட்சுக்குள் தொங்கும் உறவுகளைக் காண டிஸ்ப்ளே/டிலீட் ரிலேஷன்ஸில் டாங்லிங் (தொங்குபவை) என்று வடிகட்டுங்கள். தொங்கும் அளவு என்றால், அதன் சிவப்புக் கைப்பிடியைச் சரியான கோட்டின் மேல் இழுத்துவிட்டால் போதும். அழித்துவிட்டுப் புதிதாக அளவு கொடுத்தால், டிராயிங்கில் அந்த அளவும் ஈக்குவேஷன் இணைப்பும் சேர்ந்தே போய்விடும்.

இலவச மென்பொருளான ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வரிசைதான். ரோல்பேக் பாருக்குப் பதில் அங்கே பாடியின் டிப்பை (உடல் எந்த ஃபீச்சர் வரை என்ற குறியை) நகர்த்த வேண்டும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து முகம், எட்ஜ் பெயர்கள் குழம்பும் பழைய தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஸ்கெட்சை முகத்தில் ஒட்டுவதைவிட பிளேனில் ஒட்டுவதே அங்கும் பாதுகாப்பு.