சிலப்பதிகாரத்தில் சமூகக் கருத்துகளை ஆராய்வது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

'பழைய இலக்கியத்தில் நீதி', 'பழைய இலக்கியத்தில் பெண்ணின் நிலை' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் கருத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் வரிகளைத் தேடப் போகிறார்கள். வரிகள் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கட்டுரையை நூலைப் படிக்காதவரும் எழுதிவிடலாம். நான் தலைகீழாகப் போகிறேன்: முதலில் ஆட்கள், அப்புறம் குரல்கள், கடைசியில்தான் கருத்து. சிலப்பதிகாரத்தின் கதை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதிலேயே செய்து காட்டுகிறேன்.

படி 1: கொஞ்சமாக எடுங்கள்

நூலில் 30 காதைகள், அதாவது அத்தியாயங்கள். முதல் முயற்சிக்கு மூன்று போதும்: கொலைக்களக் காதை, வழக்குரை காதை, நீர்ப்படைக் காதை. மூன்றாவது ஏன் என்பது படி 4-ல் புரியும்.

மூலம் மதுரைத் திட்டத்தின் தளத்தில் கிடைக்கிறது. உரையோடு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளம். தொடங்குபவர்களுக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரைதான் என் தேர்வு. அடியார்க்கு நல்லார் உரை இசைக்கும் கூத்துக்கும் பெரும் பொக்கிஷம், ஆனால் வழக்குரை காதைக்கு அவருடைய உரை நமக்குக் கிடைக்கவில்லை.

கதைச்சுருக்கத்தை வைத்து மட்டும் வேலை செய்யாதீர்கள். சுருக்குபவர் முதலில் வெட்டுவது சின்னச் சின்ன ஆட்களை. நமக்கு வேண்டியவர்களே அவர்கள்தான்.

படி 2: ஆட்களைப் பட்டியலிடுங்கள்

கூகுள் ஷீட்ஸில் ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள்: பெயர் இருக்கிறதா, என்ன தொழில், யாருக்குக் கட்டுப்பட்டவர், பேசுகிறாரா, கடைசியில் என்ன ஆகிறார். ஹைலைட்டரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அழகான வரிகளின் மேல்தான் கை தானாகப் போகும். சமூகத்தைப் பற்றிய செய்தி பல நேரம் அழகில்லாத வரிகளில் இருக்கிறது.

கொலைக்களக் காதையை இப்படி நிரப்பிப் பாருங்கள். அரசி ஊடலில் எழுந்து போய்விட்டாள். அவளைத் தேடிப் போகும் அரசனை, சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் வழியில் மடக்குகிறான். அந்தக் கள்வனிடம் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவாருங்கள் என்று அரசன் காவலரிடம் சொல்லிவிடுகிறான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் கோவலனைப் பார்த்த காவலர்கள், 'இவன் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே' என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் கள்வர்களின் தந்திரங்களைப் பற்றி நீளமாகப் பேசுகிறான். அதன் பிறகு குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். எல்லா அதிகாரமும் உள்ளவன் கேட்கவில்லை, அதிகாரமே இல்லாதவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகமும் விசாரணையால் வந்ததில்லை, கோவலனின் தோற்றத்தைப் பார்த்து வந்தது. தோற்றம் இன்னும் எளியதாக இருந்திருந்தால் தயங்கியிருப்பார்களா? இந்தக் கேள்வியைப் பட்டியலின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கொலை செய்தவனுக்கும் பொற்கொல்லனுக்கும் பெயர் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இது யார் குரல்?

நான் நெடுநாள் தாண்ட முடியாமல் நின்ற படி இது. அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

சிலம்பைப் படிக்கும்போது நம் காதில் விழுவது ஒரு குரல் இல்லை, நான்கு. கதைமாந்தர் பேசுவது, கதை சொல்லும் கவிஞர் பேசுவது, நூலின் முகப்பில் இருக்கும் பதிகமும் உரைபெறு கட்டுரையும் சொல்வது, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த உரையாசிரியர் சொல்வது. மேற்கோள் எடுக்கும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மா (மாந்தர்), க (கவிஞர்), ப (பதிகம், உரைபெறு கட்டுரை), உ (உரையாசிரியர்) என்று ஓர் எழுத்தைப் போடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? அரசியலில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்ற புகழ்பெற்ற கருத்தை எல்லாரும் 'இளங்கோ சொல்கிறார்' என்று எழுதுகிறோம். அது இருப்பது பதிகத்தில். பதிகத்தைப் பின்னால் சேர்த்தது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். ஆகவே அதை நூலின் முடிவாக எடுத்துக்கொண்டு தொடங்கினால், நூலைப் பற்றி யாரோ தந்த விளக்கத்தை நூலாகவே நினைத்துவிடுவோம்.

பதிகத்தை ஓரமாக வைத்துவிட்டு வழக்குரை காதைக்கு வாருங்கள். 'கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது' என்கிறான் அரசன் (மா). கண்ணகி இதை மறுக்கிறாளா? மறுக்கவில்லை. தன் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள், அரசன் தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான், சிலம்பு உடைகிறது. கணவன் கள்வன் இல்லை என்பதை அவள் நிறுவுகிறாள். திருட்டுக்குக் கொலைத்தண்டனை சரிதானா என்ற கேள்வி அந்த அவையில் எழவே இல்லை. அவளுடைய குற்றச்சாட்டு, ஆராயாமல் தீர்ப்பு சொன்னாய் என்பது. கொலைக்களக் காதையில் கவிஞரும் (க) அதையேதான் சொல்கிறார். இரண்டு குரல்களும் ஒரே இடத்தைத் தொடும்போது அங்கே நம்பிக் காலை ஊன்றலாம். 'நீதி' என்ற பெரிய தலைப்பு இப்போது 'விசாரணை' என்று சுருங்கிவிட்டது. அப்படிச் சுருங்குவது நல்லது.

படி 4: நூல் எங்கே வேகமாகக் கடக்கிறது?

நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற அந்தணன் சேர அரசன் செங்குட்டுவனிடம் மதுரைச் சம்பவத்துக்குப் பின் நடந்தவற்றைச் சொல்கிறான். கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரி தீயில் விழுந்து இறந்தது அங்கே சில வரிகளில் வருகிறது. கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன், பொற்கொல்லர் ஆயிரம் பேரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலி கொடுத்ததும் அப்படியே.

ஒருவனை ஆராயாமல் கொன்றதற்காக ஓர் அரசன் உயிரை விட்ட கதை இது. அதே கதையில் ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் குரல்கூட நமக்குக் கேட்கவில்லை. முதன்முதலில் இதைக் கவனித்தபோது எனக்கு உடம்பு பதறியது, இப்போதும் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. ஆனால் உடனே 'கவிஞருக்கு இரக்கமில்லை' என்றோ, 'மௌனமாகக் கண்டிக்கிறார்' என்றோ எழுதிவிடாதீர்கள். யார் யாரிடம் சொல்கிறார், எத்தனை வரியில், எந்தச் செய்திகளுக்கு நடுவில் என்று முதலில் குறியுங்கள். இந்தச் செய்தி உரைபெறு கட்டுரையிலும் (ப) இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

படி 5: 'ஆனால்' உள்ள ஒரு வாக்கியம்

என்னுடையது இது: 'சிலம்பு அரசனிடம் விசாரணையைக் கேட்கிறது, ஆனால் பொற்கொல்லர் ஆயிரம் பேருக்காக அதைக் கேட்கவில்லை.' ஒருவர் நூலிலிருந்து ஒரு வரியைக் காட்டி இதை மறுக்க முடிய வேண்டும். மறுக்கவே முடியாத வாக்கியம் என்றால் அதில் விஷயம் இல்லை, மாற்றி எழுதுங்கள்.

காலத்தைப் பற்றி ஒன்று. நூல் எழுந்த நூற்றாண்டு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 'சங்க காலத்தில் இப்படித்தான் இருந்தது' என்று எழுத வேண்டாம், 'சிலம்பு காட்டும் சமூகத்தில்' என்று எழுதுங்கள்.

பிற்சேர்க்கை

'இன்றைய அளவுகோலால் அன்றைய நூலை அளக்கலாமா?' என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. வழி நூலுக்குள்ளேயே இருக்கிறது. கன்று இறந்ததற்காகத் தன் மகனையே தேர்ச்சக்கரத்தில் பலியிட்ட சோழனைக் கண்ணகி அதே அவையில் எடுத்துக்காட்டுகிறாள். நூலே தந்த அளவுகோல் அது. அதை எடுத்து ஆயிரம் பேரின் பக்கத்தில் வையுங்கள், வெளியிலிருந்து எதையும் கொண்டுவரத் தேவையில்லை.

நாவலுக்கு இந்த முறை பொருந்துமா என்றும் கேள்வி வந்தது. பொருந்தும், படி 3 மட்டும் மாறும். 1879-ல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' தன்மையில் சொல்லப்படுகிறது. எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்தவர். அதனால் சட்டத்தையும் வழக்குகளையும் பற்றிய பகுதிகள் வரும்போது, பேசுவது பிரதாபனா அவரா என்று ஒவ்வொரு பத்தியிலும் நின்று பார்க்க வேண்டும். பட்டியலில் 'ஆ' (ஆசிரியர்) என்று ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.