டிஸ்க் பெயர் மாறி பூட் ஆகாமல் நின்ற லினக்ஸை மீட்ட கதை

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டினேன், அவ்வளவுதான், அடுத்த முறை இயக்கியபோது லினக்ஸ் முழுதாக பூட் ஆகாமல், பழுது பார்க்கக் கட்டளைத் திரை மட்டும் தரும் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிட்டது. படங்கள், ஆவணங்கள் எல்லாம் வைத்திருந்த பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி) போய்விட்டதோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை மைனஸ் எஃப் சேர்த்து ஓட்டினேன். எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன், அதில் என்ன ஃபைல்சிஸ்டம் (கோப்புகளைச் சேமிக்கும் முறை), லேபிள், யூயூஐடி (அதற்கே உரிய தனி அடையாள எண்), எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது (எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது) என எல்லாம் கிளை பிரித்து ஒரே திரையில் வந்தது. என் பார்ட்டிஷன் பத்திரமாகத்தான் இருந்தது! ஆனால் அதன் பெயர் முன்பு எஸ்டிபி1, இப்போது எஸ்டிசி1. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் இந்தப் பெயர்கள் வருவதால் அவை நிலையானவை அல்ல. பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ நான் பழைய பெயரையே எழுதியிருந்தேன். அந்த இடத்தில் இப்போது விண்டோஸின் ஃபைல்சிஸ்டமான என்டிஎஃப்எஸ் உள்ள பழைய டிஸ்க் உட்கார்ந்திருந்தது, அதை லினக்ஸின் இஎக்ஸ்டி4 என்று மவுண்ட் செய்யப் பார்த்தால் எப்படி நடக்கும்?

சரி, பெயரை எடுத்துவிட்டு யூயூஐடியைப் போட்டேன். அதைத் தனியாகப் பார்க்க பிஎல்கேஐடி கட்டளையும் உதவும், ரூட்டாக ஓட்டுவது நல்லது. கூடவே நோஃபெயில் என்ற ஆப்ஷனையும் சேர்த்தேன், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. அப்புறம் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டிக் கோப்பில் பிழை இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதில் உள்ளவற்றை மவுண்ட் செய்யும் மவுண்ட் மைனஸ் ஏ கட்டளையைக் கொடுத்தேன். எல்லாம் வந்துவிட்டது.