ஊர் ஊராகச் சென்று கண்ணாடி ஊதுவோர் நாளைத் திட்டமிடும் முறை

ஊர் ஊராகச் சென்று பார்வையாளர் முன்னிலையில் கண்ணாடி ஊதிக் காட்டும் கலைஞர், தமது நாளைத் தீ மூட்டும் நேரத்திலிருந்து கணக்கிடாமல், செய்த பொருட்களை மெல்லக் குளிரவைக்கும் சூளை ஆறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்துவிட்டதால் மட்டும் ஒரு பொருள் முடிந்துவிடுவதில்லை. வெளிப்புறம் முன்பே இறுகிவிட, உட்புறம் பின்னர் சுருங்கும்போது உண்டாகும் இறுக்கம் கண்ணாடிக்குள்ளேயே தங்கி, சில மணி நேரமோ சில மாதங்களோ கழித்து, யாரும் தொடாதபோதே விரிசலாக வெளிப்படும். என் தொடக்க நாட்களில், ஒரு சிறுமி ஆசையோடு கேட்டாள் என்பதற்காகத் தீயிலிருந்து எடுத்த பறவை ஒன்றை அரை மணி நேரத்தில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை, கழுத்து முறிந்த அந்தப் பறவையைக் கைக்குட்டையில் பொதிந்து அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து சூளைக்குள் போய் வராத எதையும் நான் எவரிடமும் கொடுத்ததில்லை.

உருகிய கண்ணாடியைத் தொட்டியிலிருந்து அள்ளி ஊதும் உலையை ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியசில் இரவும் பகலும் எரியவிட வேண்டியிருப்பதால், தனியாகப் பயணம் செய்பவருக்கு மேசையில் பொருத்தி எரிவாயுவால் தீ உமிழச் செய்யும் டார்ச்சும், போரோசிலிக்கேட் என்னும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாய்களுமே ஏற்றவை. இந்தக் கண்ணாடி வெப்பத்தில் விரிவடைவது சாதாரண சோடா கண்ணாடி விரிவடைவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால், காற்று வீசும் திறந்த இடத்திலும் ஓரளவு தாங்கும். ஆனால் அதே காரணத்தால் இரண்டையும் ஒட்டவைக்க இயலாது. ஒட்டினால் ஆறும்போது பிளந்துவிடும். ஆகவே சென்ற இடத்தில் யாராவது அன்போடு தரும் கண்ணாடித் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், வகை தெரியாவிட்டால் அதை வேலையில் சேர்க்க வேண்டாம்.

சூளையைக் காட்சிக்கு முன்பே 560 டிகிரியை ஒட்டிய நிலைக்குக் கொண்டுவந்து, முடிந்த பொருளை உடனே உள்ளே வைக்க வேண்டும். கடைசிப் பொருள் உள்ளே போன பிறகு, மெல்லிய சுவருள்ள சிறு பொருட்களானால் அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருந்து, 500 டிகிரிக்குக் கீழே வரும் வரை மெதுவாக இறக்க வேண்டும். தடிமன் இரு மடங்கானால் ஆறவைக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நடுவில் மின்சாரம் நின்றுபோனால் கதவைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். மூடிய சூளையின் செங்கல் வைத்திருக்கும் சூடே அப்போது உங்களுக்குள்ள ஒரே துணை.

டார்ச்சுக்கான ஆக்சிஜன், புரொப்பேன் எரிவாயு சிலிண்டர்களை ரெகுலேட்டர் கழற்றி, மூடியிட்டு, நிமிர்த்திக் கட்டியே ஏற்றிச் செல்ல வேண்டும். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீசோ படவே கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானதால், கசிந்தால் பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். அத்தகைய இடம் ஒதுக்கப்பட்டால் மறுத்துவிடுவதே முறை. பற்றவைக்கும்போது எரிவாயு முதலில், அணைக்கும்போது ஆக்சிஜன் முதலில். சூடான கண்ணாடி உமிழும் மஞ்சள் ஒளியை வடிகட்டும் டிடிமியம் என்னும் வகை மூக்குக்கண்ணாடியை அணியாமல் வேலையின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியாது.

காட்சிக்கு ஒரு குமிழே போதுமானது. குழாயின் நடுப்பகுதியைத் தீயில் வைத்து, இரு கைகளும் ஒரே வேகத்தில் சுழல, சுவர் தடித்துத் தேன்போல் தளரும் வரை பொறுத்திருங்கள். ஒரு கை சற்றே பிந்தினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும். பிறகு தீயைவிட்டு வெளியே எடுத்து, சுழற்சியை நிறுத்தாமல், ஒரு விநாடி தாமதித்து ஊத வேண்டும். அந்தத் தாமதத்தில் மெல்லிய இடங்கள் முதலில் இறுகிவிடுவதால், தடித்த இடங்களும் சேர்ந்து விரிந்து குமிழ் சீராக வருகிறது. இதைச் செய்துகொண்டே வாயால் விளக்க இயலாதாகையால், சொல்ல வேண்டியதைத் தீயில் சுழற்றும் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அழைப்பவரிடம் காற்றோட்டம், மின்சாரத்தின் அளவு, தீயணைப்பு அனுமதி, பார்வையாளர் நிற்கும் தூரம் ஆகியவற்றோடு, மறுநாள் காலை வரை சூளையை அந்த இடத்திலேயே விட்டுவைக்கும் உரிமையையும் எழுத்தில் பெறுங்கள். பலர் மறப்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான். காலையில் ஒவ்வொரு பொருளையும், ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் கடத்தும் இரண்டு போலராய்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு இடையே பிடித்துப் பார்க்க வேண்டும். இருண்ட பின்னணியில் கைப்பிடி ஒட்டிய இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் இறுக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதைப் பெட்டியில் அடுக்காமல், அடுத்த ஊரின் சூளைக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.