டெம்ப்டேஷன்ஸ் பாடலில் பாடுவது எந்த ஐவர்? குரலைக் கொண்டு அறியும் முறை

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த டெம்ப்டேஷன்ஸ் பாடகர் குழு 1961இல் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தது. மேடையில் எப்போதும் ஐவர் நிற்பார்கள் என்பது ஏறக்குறைய மாறாத வழக்கம்; ஆனால் அந்த ஐவர் யார் என்பது மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பாடலில் யார் யார் பாடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, இசைத்தட்டு வெளியான ஆண்டு மட்டும் போதாது. 1964 மார்ச்சில் வந்த முதல் ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளலாம்: அதற்குள் எல்பிரிட்ஜ் பிரையன்ட் நீக்கப்பட்டு டேவிட் ரஃபின் சேர்ந்துவிட்டார் என்றாலும், அதிலுள்ள பெரும்பாலான பாடல்கள் பிரையன்ட் இருந்த காலத்தில் பதிவானவை.

ஆகவே முதலில் காதைப் பழக்க வேண்டும். ‘மை கேர்ள்’ பாடலைக் கேட்டு ரஃபினின் கரகரப்பான, மன்றாடும் குரலை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘கெட் ரெடி’யில் எடி கெண்ட்ரிக்ஸ் மேல்ஸ்தாயியில் மெல்லிய கள்ளக்குரலில் (இயல்பான குரலுக்கு மேலே ஒலிக்கும் ஃபால்செட்டோவில்) பாடுவதையும், ‘டோன்ட் லுக் பேக்’கில் பால் வில்லியம்ஸின் கனத்த நடுக்குரலையும் கேளுங்கள். அடியாழத்தில் ஒலிப்பவர் மெல்வின் ஃபிராங்க்ளின். அவரை அடையாளம் காண யாருக்கும் பயிற்சி தேவைப்படாது. ஓட்டிஸ் வில்லியம்ஸ் முன்னணிக் குரலாக வருவது அரிது என்பதால் அவரைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டாவது படி, ரஃபினையும் டென்னிஸ் எட்வர்ட்ஸையும் பிரித்தறிவது. நிகழ்ச்சிகளுக்கு வராமல் போனது உள்ளிட்ட காரணங்களால் ரஃபின் 1968 ஜூனில் நீக்கப்பட, கான்டூர்ஸ் குழுவில் பாடியிருந்த எட்வர்ட்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். (நீக்கப்பட்ட பின்னரும் ரஃபின் சில நிகழ்ச்சிகளில் மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டது தனிக்கதை.) இருவர் குரலும் முரடானவைதான் என்றாலும், ரஃபினுடையது உச்சத்தில் உடைந்து கெஞ்சும், எட்வர்ட்ஸுடையது தேவாலயப் பாடகரைப் போல நெஞ்சிலிருந்து முழங்கும். ‘கிளவுட் நைன்’ எட்வர்ட்ஸ் காலத்தைத் தொடங்கிவைத்த பாடல். 1969இல் வந்த ‘ஐ கான்ட் கெட் நெக்ஸ்ட் டு யூ’ பாடலில் ஐவரும் மாறி மாறி முன்னணி வரிகளைப் பாடுவதால், அதைவிடச் சிறந்த பயிற்சிப் பாடம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பாடியவர் பெயரைத் தயங்காமல் சொல்ல வரும்வரை அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

உண்மையான சிக்கல் 1971இல் தொடங்குகிறது. கெண்ட்ரிக்ஸ் முன்னணியில் பாடிய ‘ஜஸ்ட் மை இமாஜினேஷன்’ ஏப்ரலில் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தபோது அவர் குழுவில் இல்லை. உடல்நலக் குறைவால் பால் வில்லியம்ஸும் அதே ஆண்டில் விலகினார். அதற்கு முன்பே ரிச்சர்ட் ஸ்ட்ரீட் மேடைத் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய பகுதிகளைப் பாடிவந்தார் என்பதால், அக்கால மேடை நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை புகைப்படத்தைப் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. கெண்ட்ரிக்ஸின் இடத்தை நிரப்பிய டேமன் ஹாரிஸ் அவரையே முன்மாதிரியாகக் கொண்டவர். கள்ளக்குரலை மட்டும் கேட்டு இருவரையும் பிரிக்க முயன்றால் தேர்ந்த காதும் தடுமாறும். அப்போது சுற்றியுள்ள குரல்களைக் கவனியுங்கள்: ரஃபினோ பால் வில்லியம்ஸோ உடன் ஒலித்தால் மேலே பாடுபவர் கெண்ட்ரிக்ஸ், ஸ்ட்ரீட் முன்னணி வரிகளைப் பாடினால் பெரும்பாலும் ஹாரிஸ். 1972இல் வந்த ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ இரண்டாம் வகைக்குத் தெளிவான சான்று.

1975க்குப் பிந்தைய மாற்றங்களைப் பட்டியலாக வைத்துக்கொள்வதே எளிது. ஹாரிஸுக்குப் பின் கிளென் லெனார்டும் 1983இல் ரான் டைசனும் மேல்ஸ்தாயிக்கு வந்தனர். எட்வர்ட்ஸ் 1977இல் விலகி, 1980இல் திரும்பி, மறுபடியும் போனார். 1984இல் வந்த ‘ட்ரீட் ஹெர் லைக் எ லேடி’யில் கேட்பது அலி-ஆலி உட்சனின் குரல். இடையே 1982இல் ரஃபினும் கெண்ட்ரிக்ஸும் திரும்பி வந்து எழுவராகப் பதிவுசெய்த ‘ரீயூனியன்’ ஆல்பத்தை மட்டும் இந்த விதிகளுக்கு வெளியே வையுங்கள். ஃபிராங்க்ளின் 1995இல் காலமான பிறகு கீழ்க்குரலும் அடையாளமாக உதவாது. தொடர்ந்து நீடித்த ஓட்டிஸ் வில்லியம்ஸோ முன்னணியில் அரிதாகவே பாடுபவர் என்பதால், அந்தக் காலப் பதிவுகளுக்கு உறையில் அச்சிட்ட பெயர்களைப் படித்துத்தான் ஆக வேண்டும்.