பித்தளைக் கேஸ்களுக்கு டம்ப்ளர் மீடியா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீலோடிங் செய்பவர்கள், அதாவது சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை (கேஸ்) மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துபவர்கள், அதைச் சுத்தம் செய்யும் இயந்திரமான டம்ப்ளரில் எதை வாங்கலாம் என்று நாள்கணக்கில் அலசுவார்கள். அதில் கேஸோடு போடும் மீடியாவை, அதாவது தேய்த்துச் சுத்தமாக்கும் துகளையோ ஊசியையோ, மட்டும் கையில் கிடைத்த பாக்கெட்டாக எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கேஸ் சுத்தமாவதும் கெடுவதும் மீடியாவால்தான். டம்ப்ளர் வெறுமனே குலுக்குகிறது, அல்லது உருட்டுகிறது.

துகள் அளவைப் பார்க்காமல் வாங்குவது

தவறுகளிலேயே அடிக்கடி நடப்பது இதுதான். பாக்கெட்டில் 14/20, 20/40 என்று எண் போட்டிருப்பார்கள். அது சல்லடைக் கணக்கு. ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் என்பதே எண், ஆகவே எண் கூடக்கூடத் துகள் பொடியாகும். 14/20 என்றால் துகள்கள் ஏறக்குறைய 0.84 முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும். 20/40 என்றால் 0.42 முதல் 0.84 மி.மீ. வரை.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? கேஸின் அடியில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரின் பொறி உள்ளே பாயும் ஓட்டையான ஃபிளாஷ் ஹோலோடு. அதன் விட்டம் பொதுவாக 2 மி.மீ., சில துல்லியச் சுடுதலுக்கான கேஸ்களில் 1.5 மி.மீ.தான். ஏறக்குறைய ஒரு மி.மீ. உள்ள இரண்டு துகள்கள் அந்த ஓட்டையில் ஒன்றாக நுழைந்தால் ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். ப்ரைமரைக் கழற்றிவிட்டு 14/20 துகளில் ஓட்டிய கேஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் ஓட்டை முழுதாகவே அடைபட்டிருக்கும். ஊசி வைத்துக் குத்தினால்தான் வரும். நூறு கேஸுக்கு இந்த வேலை பார்த்தவர்கள் அடுத்த முறை எண்ணைப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். 20/40 துகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ப்ரைமரை எடுக்காமலே ஓட்டுபவருக்கு 14/20 போதும், ஆனால் ப்ரைமர் பாக்கெட், அதாவது ப்ரைமர் உட்காரும் குழி, அழுக்காகவே இருக்கும்.

செல்லப்பிராணிகளுக்கான படுக்கைப் பொருளாகவும், மணல்வீச்சு வேலைக்கான துகளாகவும் டம்ப்ளரில் மீடியாவாகப் போடும் இதே வால்நட் ஓடும் சோளக்கட்டையும் விற்பனைக்கு உண்டு, விலையும் பெரும்பாலும் குறைவு. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பறவைக் கூண்டுக்கு விற்கும் சோளக்கட்டை பெரும்பாலும் 3 மி.மீ.க்கும் பெரிய துண்டுகளாக இருக்கும். அது கேஸுக்குள் நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. அளவு எண் அச்சிடாத மூட்டையை விட்டுவிடுவதே நல்லது.

வால்நட் செய்யும் வேலையைச் சோளக்கட்டையிடம் கேட்பது

வால்நட் ஓடு கடினமானது, உடைந்த ஓரம் கூர்மையாக இருக்கும். கரி, கறுத்த கறை ஆகியவற்றை அது சுரண்டி எடுக்கும். மேற்பரப்பு சற்று மங்கலாக முடியும். மக்காச்சோளக் கதிரின் கட்டையை அரைத்த துகள் மென்மையானது, எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும், மெருகு ஏற்றும். தரையில் கிடந்து கறுத்த கேஸ்களைச் சோளக்கட்டையில் போட்டுவிட்டு ஆறு மணி நேரமாகியும் போகவில்லை என்று வருந்துவது மீடியாவின் குற்றமல்ல. அதற்கு வால்நட் வேண்டும். அதேபோல, சைஸிங் செய்தபின் (கேஸை டை என்னும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தபின்) ஒட்டியிருக்கும் மசகைப் போக்க வால்நட் தேவையே இல்லை. சோளக்கட்டையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பொடியான வால்நட்டோடு கொஞ்சம் பாலிஷ் சேர்ப்பது பெரும்பாலான வேலைக்கு ஈடுகொடுக்கும்.

சிவப்பு நிறத்தில் வரும் 'ட்ரீட்டட்' வால்நட்டை யோசித்து வாங்குங்கள். அதில் கலந்திருப்பது ரூஜ், அதாவது இரும்பு ஆக்சைடு. கேஸின் உட்புறத்திலும், கையிலும், டையிலும் செம்பொடி அப்பிக்கொள்ளும். கலப்பில்லாத மீடியாவை வாங்கி, பாலிஷை நாமே அளந்து சேர்ப்பதுதான் கட்டுப்பாடான வழி. ஒன்று அல்லது இரண்டு மூடி அளவு ஊற்றி, கேஸ் எதுவும் போடாமல் 10–15 நிமிடம் ஓட்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் பாலிஷ் உருண்டை உருண்டையாகத் திரண்டு கேஸுக்குள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது கொட்டைப்பருப்பு ஒவ்வாமை இருந்தால் வால்நட் தூசியை அண்டவிடாமல், சோளக்கட்டைக்கே போய்விடுங்கள்.

எடையை மட்டும் பார்த்து வாங்குவதும் கணக்கை ஏமாற்றும். சோளக்கட்டை லேசானது, வால்நட் கனமானது. ஒரே கிண்ணத்தை நிரப்ப வால்நட் கூடுதல் கிலோ வேண்டும். கிண்ணத்தின் கொள்ளளவை லிட்டரில் தெரிந்துகொண்டு, அதில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பும்படி வாங்குங்கள். மீதி இடம் கேஸ்களுக்கு. ஓடும்போது மேற்பரப்பு சுழன்று உள்ளே இறங்க வேண்டும். அசையாமல் அதிர்ந்துகொண்டே நின்றால் கேஸ் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

ஈரமுறை: ஊசிகளின் அளவும் ஒழுங்கும்

துகளுக்குப் பதில் ஊசிகளைத் தண்ணீரும் சோப்பும் சேர்த்து ஓட்டுவது ஈரமுறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள் கேஸின் உட்புறத்தையும் ப்ரைமர் பாக்கெட்டையும் புதிதுபோல ஆக்கிவிடும். இங்கேயும் அளவுதான் முதல் கேள்வி. வழக்கமான ஊசி 1.2 மி.மீ. விட்டம், 6.5 மி.மீ. நீளம். 2 மி.மீ. ஓட்டைக்குள் இதில் ஒன்று போய்வரும், இரண்டு சேர்ந்து நுழையவே முடியாது. விட்டம் சரியாக 1 மி.மீ.யை ஒட்டிய ஊசியை வாங்கினால் இரண்டும் ஒன்றாகப் புகுந்து கச்சிதமாக இறுகிவிடும். மெலிந்த ஊசி நன்றாகச் சுத்தம் செய்யும் என்று நினைத்து இந்த வலையில் விழுகிறார்கள். .22 காலிபர் (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) கேஸ்களில் இன்னொரு சிக்கல்: கழுத்தின் உள்விட்டம் சுமார் 5.7 மி.மீ., ஊசியோ அதைவிட நீளம். கழுத்தில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அந்தக் காலிபர்தான் அதிகம் என்றால் தட்டையான சிறு ஸ்டீல் சில்லுகளைப் பாருங்கள்.

ஊசி ஒன்று கேஸுக்குள்ளேயே தங்கிவிட்டால் அது அடுத்த முறை சுடும்போது குழலில்தான் போகும். அதனால் காந்தத்தில் ஒட்டும் வகையா என்று கேட்டு வாங்குவது நல்லது. எல்லா ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் பலமாக ஒட்டாது. பிரிக்கும்போது கேஸ்களைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி உருட்டினால் ஊசிகள் தாமாக உதிரும். வெளியே எடுத்தபின் உதறினால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வராது.

புது ஊசிகளில் தொழிற்சாலை எண்ணெய் படிந்திருக்கும். நேரே பித்தளையோடு போட்டால் முதல் சுற்றிலேயே கேஸ்கள் சாம்பல் பூசியதுபோல வெளிவரும். முதலில் சோப்புத் தண்ணீரில் ஊசிகளை மட்டும் ஓட்டிக் கழுவுங்கள்.

7 கிலோ தாங்கும் டிரம்முக்கு நெடுநாளாகப் புழங்கும் அளவு இது: ஊசி 2.25 கிலோ, பித்தளை 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தண்ணீர் 3.8 லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி. மூன்று, நான்கு மணி நேரம். பளபளப்பு கூடட்டும் என்று அமிலத்தை அள்ளிப் போடக் கூடாது. கேஸ் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அமிலம் மிகுந்தால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரியும். இரவு முழுக்க ஓட்டுவதும் வேண்டாம், கேஸ்களின் வாய் ஒன்றோடொன்று மோதித் தட்டையாகும். உலர்த்தும்போது சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

கண்ட பாலிஷையும் சேர்ப்பது

வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கான பாலிஷ் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. அவற்றை மீடியாவில் ஊற்றவே கூடாது. இதன் பாதிப்பு முதலில் கண்டறியப்பட்டது இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கேஸ்கள் காரணம் புரியாமல் வெடிப்பு விட்டன. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அமோனியாவும், பித்தளையை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. கழுத்தில் முடியிழைபோல ஓடும் அந்த வெடிப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

கூர்மையான உராய்வுத் துகள் பதித்த செராமிக் முக்கோணங்களும் இதே பட்டியலில் சேரும். அவை எஃகு உதிரிபாகங்களின் பிசிறு எடுக்க உருவானவை, பித்தளையைத் தின்றுவிடும்.

பழைய மீடியாவை விட மனமில்லாமல் இருப்பது

முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்த அதே அழுக்குக்கு இப்போது நான்கு மணி நேரம் ஆகிறதென்றால் மீடியாவின் ஆயுள் முடிந்தது. துகள் கறுத்து, விரலிடையில் தேய்த்தால் மாவாக வரும். அந்த மாவில் ப்ரைமர் எரிந்து விட்ட ஈயம் இருக்கிறது. அதனால்தான் உலர் டம்ப்ளரை மூடியோடு, வெளித்திண்ணையிலோ காற்றோட்டமான கொட்டகையிலோ ஓட்டச் சொல்கிறோம். துணி உலர்த்தியில் போடும் மென்தாள் ஒன்றைக் கிழித்து மீடியாவோடு போட்டால் தூசியில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும். சல்லடையில் பிரிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும். பிரித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய மீடியாவைத் தோட்டத்து மண்ணிலோ எரு குழியிலோ கொட்டாமல், கெட்டியான பையில் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.