முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்: விண்ணப்பம், பணம், கையெழுத்து

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ‘நர்சிங் ஹோம்’ எங்கே என்று விசாரித்தால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் வழி சொல்வார்கள். தங்க வைத்துக் காலமெல்லாம் பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டுமென்றால், போனை எடுத்ததும் கேட்க வேண்டியது: “படுத்த படுக்கையா இருக்கறவங்களையும் சேர்த்துக்குவீங்களா?” பல இடங்கள் இந்தக் கேள்வியோடு கழிந்துவிடும். கோவையைச் சுற்றியுள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பெரும்பாலும் நடமாட்டத்தோடு இருப்பவர்களுக்கானவை. வில்லா வாங்கிய பிறகு இடுப்பெலும்பு முறிந்தால் ஆள் செலவு தனி.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டுமா, ராத்திரி எத்தனை தடவை எழுகிறார், மூத்திரக் குழாயோ மூக்குக் குழாயோ இருக்கிறதா, மறதியில் கதவைத் திறந்து வெளியே போகிறாரா? கட்டணம் இதை வைத்துத்தான் தீர்மானமாகும். “அம்மா நல்லாத்தான் நடப்பாங்க” என்று மறைத்துச் சேர்ப்பது வழக்கமாக நடக்கிற தப்பு. சில நாளிலேயே உண்மை தெரிந்துவிடும். ஒன்று, மேல் கட்டணத்துக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால், “கூட்டிட்டுப் போயிருங்க” என்று போன் வரும்.

இல்லம் அரசிடம் பதிவு செய்ததா என்பதைக் கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். சான்றிதழைக் காட்டினால் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.

நேரில் பார்க்கப் போவது சொல்லாமல் போவதாக இருக்கட்டும். காலை பத்து மணிக்கு எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கோ, விளக்கு வைத்த பிறகோ போங்கள். படுக்கையில் இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கான அட்டை கட்டில் பக்கத்தில் தொங்குகிறதா, நாள் முழுக்க ஒரே பேனாவில் ஒரே மூச்சில் டிக் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏர் பெட் (காற்று அடைத்த மெத்தை) போட்டிருப்பார்கள். அதன் மோட்டார் ஓடுகிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? படுக்கைப் புண் முதலில் வருவது வால் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகாலில். ஓரிரு குதிகாலைப் பார்த்தாலே அங்கே கவனிப்பு எப்படி என்பது தெரிந்துவிடும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்றும் கேளுங்கள். சாப்பாட்டில் ருசியைவிட, அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய மசித்து ஊட்ட ஆள் உட்காருகிறாரா என்பதே முக்கியம்.

பொதுவாகக் கேட்கும் காகிதங்கள்: ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனை, காசநோய் இல்லை என்பதற்கு நெஞ்சு எக்ஸ்ரே. சேருபவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு உறவினர் நம்பர் கேட்பார்கள். இரண்டும் அமெரிக்க நம்பராக இருந்தால் பிரயோசனமில்லை. ஒரு மணி நேரத்தில் வந்து ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடக்கூடிய ஒருவர் உள்ளூரில் வேண்டும்.

இனி பணம். சொல்கிற மாதக் கட்டணத்தோடு செலவு நிற்காது. டயாபர் நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120. மருந்து, பிசியோதெரபி, குழாய் மாற்றுவது, தனி ஆள் எல்லாம் மேலே ஏறும். போன மாதம் ஒருவருக்குப் போட்ட முழு பில்லைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை: வருஷம் எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், இறந்துவிட்டால் மீதி நாட்களின் பணம் என்ன ஆகும். டிரஸ்ட் நடத்தும் சில இடங்களில் அட்வான்ஸுக்கு ‘நன்கொடை’ என்று ரசீது போடுவார்கள். அப்படி வாங்கினால் திரும்பக் கேட்க வழியில்லை.

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான்; இல்லக் கட்டணத்தை அது தராது. அதனால் மாதா மாதம் வருகிற வரும்படியைக் கணக்குப் போடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதம் என்று வைத்தால் காலாண்டுக்கு 61,500 ரூபாய். வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கட்டணமோ மாதா மாதம். அதனால் இரண்டு மாதப் பணம் கையில் தனியாக இருக்கட்டும். தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் மட்டும் போட்டால் உச்சம் 9 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 5,550. தோப்புக் குத்தகை வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பணம், அதை நம்பி மாதக் கட்டணத்தை ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது பாங்கில். பெரியவருக்கு அறிவு மங்கிவிட்டால் அவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் செல்லாது. ஆகவே தெளிவாக இருக்கும்போதே ‘இருவரில் யாரும் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து வரவில்லை, ஆனால் சுயநினைவு உண்டு என்றால் கைரேகை போதும். பாங்குக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பாங்கின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்க வேண்டும். நினைவே இல்லாதபோது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டிவரும். வெளிநாட்டுப் பிள்ளை பணத்தை அம்மா கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து இல்லத்துக்குக் கட்டினால் வரவு செலவு ஒரே பாஸ்புக்கில் தெரியும்.

தோட்டத்தைப் பிள்ளைகள் பேருக்குத் தானசெட்டில்மென்ட் (பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுவதற்கு முன் நிறுத்தி யோசியுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கு நேராக நிற்கும். பிள்ளைகள் செலவுக்குத் தராவிட்டால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்; மாதம் 10,000 வரை உத்தரவிட முடியும். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் 14567 முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

சேர்க்கும் நாளில் பல்செட் டப்பா, கண்ணாடி, காது மிஷின், ஒவ்வொரு துணி என எல்லாவற்றிலும் அழியாத மையில் பெயர் எழுதுங்கள். சலவையில் துணி மாறிப் போவதுதான் முதல் மாதச் சண்டை. நகை வீட்டிலேயே இருக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற அம்மா சம்மதிக்காவிட்டால், எடை போட்டுப் பதிவேட்டில் பவுன் கணக்கை எழுதி மேனேஜர் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.