நெரிசலில் நின்றால் சூடேறும் லாரி: எங்கே தொடங்கிப் பார்ப்பது

"ஓடும்போது ஒன்றும் இல்லைங்க, நெரிசலில் நின்றால்தான் முள் ஏறுது." டிரைவர் இப்படிச் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. வெறுமனே "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்பேன். நிற்கும்போது ஏறுகிறதா, லோடோடு மேடு ஏறும்போதா? ஏசி ஓடிக்கொண்டிருந்ததா? வண்டி நகர ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் இறங்குகிறதா?

இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து போகிறது. நின்றுவிட்டால் அந்தக் காற்று கிடையாது, ஃபேன் ஒன்றுதான் இழுத்தாக வேண்டும். ஆகவே நின்றால் ஏறி, ஓடினால் இறங்கினால், முதலில் காற்று வரும் வழியைப் பாருங்கள். நிற்கும்போது நன்றாக இருந்து, மேட்டில் லோடு இழுக்கும்போது ஏறினால், பெரும்பாலும் தண்ணீர் ஓடும் வழியில் கோளாறு. இந்த இரண்டையும் பிரிக்காமல் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போக வழி திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். செலவும் ஆகிறது, வண்டியும் சரியாவதில்லை.

எதைத் தொடும் முன்பும் ஒன்று. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போன அந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கை வைக்கிற அளவு ஆறி, மெத்தென்று அமுங்கினால் மட்டும் திறக்கலாம்.

ஆறியபின் முதலில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் மட்டம். குறைந்திருந்தால் ஊற்றி மூடிவிட்டுப் போகாதீர்கள். எங்கே போனது என்று தேடுங்கள்: ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சிறு துளை, ரேடியேட்டர் ஓரங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ அதன் நிறத்திலோ பொருக்கு தட்டி இருக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளிவிடும். மூடியை மாற்றுவது சின்ன வேலை, ஆனால் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்து, முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். சென்சாரோ எர்த் வயரோ கெட்டிருந்தால், சூடாகாத எஞ்சினுக்கும் முள் மேலே போகும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். நான் அந்த இடத்தில் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி, அதன் மேல்தான் பார்ப்பேன்.

சரி, சூடு உண்மைதான், நின்றால்தான் ஏறுகிறது. இப்போது ஃபேன் பக்கம் வாருங்கள்.

பல லாரிகளில் ஃபேனுக்கு நடுவில் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். உள்ளே கெட்டியான சிலிகான் திரவம், முன்முகத்தில் சுருள் மாதிரி ஒரு பட்டை. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் விரிந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும், திரவம் பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். நல்ல கிளட்ச் பிடிக்கும்போது காதில் கேட்கும். பெருங்காற்று வீசுகிற மாதிரி ஓர் இரைச்சல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் இரைந்துவிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. நெரிசலில் முள் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த இரைச்சலே வராவிட்டால், அங்கேதான் சந்தேகம்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபேனைக் கையால் தள்ளுங்கள். கெட்டியான தேனைக் கிளறுவது போலக் கை தடுமாற வேண்டும். தள்ளியதும் நாலைந்து சுற்று தானாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச்சின் முகத்தை விரலால் தடவுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடு கோடாகப் புழுதி அப்பி, பிசுக்கென்று ஒட்டினால் சிலிகான் கசிந்திருக்கிறது. மின்சார ஃபேன் உள்ள வண்டி என்றால் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றக்கூடும், பேட்டரி வயரைக் கழற்றாமல் கையை உள்ளே விடாதீர்கள். அதில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ், ரிலே, கனெக்டர்.

ஃபேனைச் சுற்றியுள்ள கூட்டையும் விடாதீர்கள். அது உடைந்தோ கழன்றோ இருந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பெல்ட் வழுக்குகிறதா என்றும் ஒரு பார்வை போதும்.

இனி அழுக்கு. என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பஞ்சு மூட்டை ஏற்றும் ஒரு லாரி என்னிடம் வந்தது. அதற்கு முன் வேறு இடங்களில் தெர்மோஸ்டாட்டும் பம்ப்பும் மாற்றியாகிவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தம். நானும் முதலில் ஃபேன் கிளட்ச் என்றுதான் நினைத்தேன், ஆனால் சூட்டில் ஃபேன் நன்றாகப் பிடித்தது. அப்புறம் கிரில்லில் ஒரு தாளை வைத்துப் பார்த்தேன். ஃபேன் அப்படி இரையும்போது தாள் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். அது கீழே விழுந்தது. இழுக்க ஃபேன் இருக்கிறது, ஆனால் காற்று வர வழியில்லை.

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் இன்டர்கூலரின் (டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு கையளவு முன்னால் சாய்த்து, டார்ச் அடித்தேன். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் பூச்சி இறக்கையும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரே விரிப்பாக உரிந்து வந்தது, அதன் பின்பக்கம் ரேடியேட்டரின் வரிகள் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. அன்றைக்கு அந்த வண்டிக்கு ஒரு பாகம்கூட மாற்றவில்லை.

கழுவும்போது ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். சாதாரணக் குழாய் வேகம் போதும். பிரஷர் மெஷினை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சற்று ஊறவிடுங்கள். ஏசி வண்டியில் கண்டென்சருக்குப் பின்னாலும் இதே கதைதான். அதுவே சூடான காற்றை ரேடியேட்டர் மேல் விடுவதால், ஏசி போட்டால் மட்டும் ஏறுகிற வண்டியில் முதலில் அங்கே பாருங்கள்.

காற்றுப் பக்கம் சுத்தமாக இருந்தும் சூடு நிற்கவில்லையா? ரேடியேட்டர் முகம் முழுக்கத் தெர்மாமீட்டரால் தடவிப் பாருங்கள். நடுவே ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் உள்ளே அடைத்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கீழ் ஹோஸ் சப்பையாக ஒடுங்கினால் ஹோஸை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால், அதன் மேல் எழுதிய டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அதைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும், சூடு இன்னும் கூடும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலண்ட் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. கூலண்டில் அந்தப் புகை கலந்திருந்தால் நீல நிறம் மாறிவிடும் சோதனைத் திரவம் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றும் முன் அதை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடு நெரிசலில் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடியுங்கள். பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். அப்படியும் சிவப்பை நோக்கிப் போனால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். ஆறும் முன் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும்.

வேலை முடித்த வண்டியை நான் உடனே கொடுப்பதில்லை. நடுமதிய வெயிலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிடுவேன். ஃபேன் இரைந்து பிடிக்க வேண்டும், முள் இறங்க வேண்டும், இரைச்சல் அடங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்ததைப் பார்த்தபிறகுதான் சாவியை டிரைவர் கையில் கொடுப்பேன்.